தரவுத்தளம் கதவைத் திறக்காதபோது

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு நாளிதழைப் பிரித்த நேரத்தில் கிள்ளானிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, ஆர்டர் எதுவுமே தெரிய மாட்டேங்குது. கம்ப்யூட்டர் சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. பையனும் காலையிலேர்ந்து தலையைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நீ ஒரு நடை வந்துட்டுப் போ."

அக்கா வீட்டிலேயே பலகாரத் தொழில் செய்கிறார். ஆண்டு முழுவதும் சிறிய அளவில் நடக்கும் தொழில், தீபாவளிக்கு முந்திய ஒரு மாதத்தில் பெரிய அடுப்பு, மூன்று உதவியாளர்கள் என்று பெருகிவிடும். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி என்று வரும் ஆர்டர்களை முன்பெல்லாம் ஒரு நீளப் புத்தகத்தில் எழுதி வைப்பார். ஓராண்டு அந்தப் புத்தகத்தில் எண்ணெய் கொட்டி, இரண்டு பக்கத்து முகவரிகள் அழிந்துபோயின. அதன் பிறகு, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தான். செயலி இருப்பது அக்காவின் மடிக்கணினியில். ஆர்டர்கள் இருப்பதோ மேகத்தில். அதாவது, வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுத்த தரவுத்தளத்தில்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எதை எத்தனை கிலோ போடுவது என்று தெரியாமல் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாலைக்குள் காப்பார், ஷா ஆலாம், போர்ட் கிள்ளான் பக்கம் போக வேண்டிய பெட்டிகள் அறுபதுக்கு மேல். யாருக்கு எது என்ற விவரம் மேகத்தில் இருந்தது. மேகம் வாய் திறக்கவில்லை.

மருமகன் அதற்குள் மூன்று காரியங்கள் செய்து முடித்திருந்தான். மடிக்கணினியை அணைத்துத் திறந்தான். செயலியை அழித்து மீண்டும் நிறுவினான். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றி, "யாராவது முயற்சி பண்ணிப் பாருங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நான்காவது காரியத்துக்கு விரல் தயாராக இருந்தது. திரையில் தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியல். அதில் அவன் தட்டச்சு செய்திருந்தது 0.0.0.0/0. உலகத்தில் எந்த முகவரியிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எல்லாத்துக்கும் திறந்து விட்டுடறேன். அப்புறம் மூடிக்கலாம்."

"கொஞ்சம் பொறு" என்றேன். இந்த வாரப் பத்தி அந்தக் 'கொஞ்சம் பொறு' பற்றியதுதான்.

கொண்டோவுக்குப் போகும் வழி

மேகத்தில் இருக்கும் தரவுத்தளத்தோடு இணைவது, கொண்டோவில் குடியிருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது போன்றது. ஐந்து கட்டங்களைத் தாண்ட வேண்டும்.

முதலில் கொண்டோ எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தரவுத்தளத்துக்கு நிறுவனம் கொடுக்கும் பெயர் நீளமாக இருக்கும். அந்தப் பெயரை எண்களாலான ஐபி முகவரியாக மாற்றிக் கொடுப்பது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு.

இரண்டாவது, வாசலில் காவலர். கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பார். அதில் இருக்கும் முகவரியிலிருந்து வருபவரை மட்டும்தான் உள்ளே விடுவார். கணினி உலகில் இவருக்குப் பெயர் ஃபயர்வால்.

மூன்றாவது, வீட்டு எண். இதைத்தான் போர்ட் என்கிறோம். "போர்ட் கிள்ளானா?" என்று அக்கா கேட்டார், இல்லை. ஒரே முகவரியில் பல சேவைகள் இயங்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு வழக்கமான எண் 5432. மைஎஸ்க்யூஎல் என்றால் 3306. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433. மோங்கோ டிபிக்கு 27017.

நான்காவது, கதவைத் திறப்பவர் நம்மை அடையாளம் காண வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குத்தான்.

ஐந்தாவது, உள்ளே உட்கார இடம் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள்தான் என்று ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் வரம்பு உண்டு.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. இந்த ஐந்து கட்டங்களில் எதில் தடைபட்டாலும் நமக்குத் தெரிவது 'இணைய முடியவில்லை' என்ற ஒரே முடிவுதான். ஆனால் திரையில் வரும் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு. அதைப் படித்தால் எதுவரை போய்விட்டோம் என்று தெரிந்துவிடும். நாமோ சிவப்பைக் கண்டதும் பெட்டியை மூடிவிடுகிறோம்.

சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது?

'ஹோஸ்ட் தெரியவில்லை', 'பெயரை மொழிபெயர்க்க முடியவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், நீங்கள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம். நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் இணையமே வேலை செய்யாமலும் இருக்கலாம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென்று பதில் வந்தால், பெரும்பாலும் அந்த முகவரியில் கணினி இருக்கிறது, ஆனால் நீங்கள் தட்டிய கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. போர்ட் எண் தவறாக இருக்கலாம். தரவுத்தளமே நின்றுபோயிருக்கலாம்.

'டைம்டு அவுட்' என்று வெகுநேரம் சுற்றிவிட்டு வந்தால் கதை வேறு. நீங்கள் தட்டியதற்குப் பதிலே வரவில்லை. பெரும்பாலும் இது காவலரின் வேலை. பட்டியலில் இல்லாதவரிடம் 'போ' என்றுகூடச் சொல்லாமல், பார்க்காதது போல் இருந்துவிடுவார். வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். பதில் சொன்னால் இங்கே ஒரு வீடு இருக்கிறது என்று திருடனுக்கும் தெரிந்துவிடுமே. சில சேவைகளில் மட்டும் காவலர் வாயைத் திறந்து, 'உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை' என்று முகவரியோடு சேர்த்தே சொல்லிவிடுவார்.

'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். முகவரி சரி, காவலர் விட்டுவிட்டார், கதவும் திறந்துவிட்டது. பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு.

இரண்டாவது செய்திக்கும் மூன்றாவது செய்திக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. உடனே மறுப்பு வந்தால் கதவைப் பாருங்கள். மௌனம் என்றால் காவலரைப் பாருங்கள்.

அக்கா சொன்ன விடை

அக்காவின் மடிக்கணினியில் வந்தது மௌனம். அரை நிமிடம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்'. அப்படியானால் கடவுச்சொல்லுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. காவலரைத் தாண்டாதவனிடம் யார் கடவுச்சொல் கேட்கப் போகிறார்கள்? மருமகன் அதை மாற்றியது தேவையில்லாத வேலை.

ஊகத்தோடு நிறுத்தாமல் சோதித்தும் பார்த்தோம். முதலில் சேவை நிறுவனத்தின் பக்கத்தில் நுழைந்து, தரவுத்தளம் இயங்குகிறதா என்று பார்த்தோம். சில மலிவான திட்டங்களில் சில நாள்கள் பயன்படுத்தாவிட்டால் தரவுத்தளத்தைத் தூங்க வைத்துவிடுவார்கள். கடன் அட்டை காலாவதியாகிக் கட்டணம் போகாமல் முடங்கிய கதைகளும் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்து பெயர். விண்டோஸில் கட்டளைப் பெட்டியைத் திறந்து 'என்எஸ்லுக்அப்' என்று தட்டி, தரவுத்தளத்தின் பெயரைக் கொடுத்தோம். ஐபி முகவரி வந்தது. அந்த முகவரி 10 என்றோ 192.168 என்றோ தொடங்கியிருந்தால், அந்தத் தரவுத்தளம் உள்வலைக்கு மட்டும் உரியது, வெளியிலிருந்து அதைத் தொடவே முடியாது என்று புரிந்துகொண்டிருப்போம். அப்படியும் இல்லை.

மூன்றாவதாக, பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' என்ற கட்டளையில் பெயரையும் 5432 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தோம். மேக் கணினியிலும் லினக்ஸிலும் இதே வேலையை 'என்சி' என்ற கட்டளை செய்யும். பதில் வரவில்லை. 'பிங்' போட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மேகத்தில் இருக்கும் பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடிதான் அமைக்கப்பட்டிருக்கும். பிங் தோற்றால் தரவுத்தளம் செத்துவிட்டது என்று பொருளில்லை.

ஆக, காவலர்தான். ஆனால் நேற்று வரை விட்டவர் இன்று ஏன் விடவில்லை?

"நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறிச்சு?" என்று மருமகனைக் கேட்டேன்.

"ஒண்ணுமே மாறல மாமா. கோடில நான் கையே வைக்கல."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நேத்து ராத்திரி என்னா இடி, என்னா மின்னல்! ரெண்டு தடவ கரண்டு போயி வந்துச்சே. அதச் சொல்லலாமா கூடாதா?"

அதுதான் விடை. காலையிலிருந்து அவரை யாரும் கேட்கவில்லை.

நம் வீடுகளுக்கு வரும் அகண்ட அலைவரிசை இணைப்பில் பெரும்பாலும் நிலையான முகவரி கிடையாது. ரவுட்டர் அணைந்து எழும்போது இணையச் சேவை நிறுவனம் வேறொரு பொது முகவரியைக் கொடுக்கலாம். பெரும்பாலான நாள்களில் அது நமக்குத் தெரியவே தெரியாது. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும். ஆனால் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் காவலருக்கு, அக்கா இப்போது முன்பின் தெரியாத ஆள்.

கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினோம். வந்த எண்ணையும் அனுமதிப் பட்டியலில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு பகுதிகள் வேறு.

பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: 192.168.1.5. காலையில் மருமகன் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை காட்டிய எண்ணைச் சேர்த்திருந்தான். இது பலரும் செய்யும் தவறு. 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், நடு அறை, பின் அறை என்பது போல. 'பின் அறையிலிருந்து வருகிறேன்' என்று கொண்டோ காவலரிடம் சொல்லி என்ன பயன்?

புதிய பொது முகவரியை, கடைசியில் /32 சேர்த்து எழுதினோம். அந்த ஒரே ஒரு முகவரி மட்டும் என்று அதற்குப் பொருள். பழைய இரண்டு வரிகளையும் நீக்கினோம். பழையது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடாது. அந்த முகவரி நாளைக்கு வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு கோளாறு, மூன்று முகம்

மீண்டும் முயன்றோம். உடனே சிவப்பு: 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு'. மருமகன் முகம் வாடிவிட்டது. நான் சிரித்தேன். "நல்ல செய்திடா. காவலரத் தாண்டிட்டோம்." செயலியில் இன்னும் பழைய கடவுச்சொல் இருந்தது. அதை மாற்றியது அவன்தானே.

புதிய கடவுச்சொல்லைச் செயலியில் எழுதினான். இப்போது முற்றிலும் வேறு செய்தி: ஹோஸ்ட் பெயர் தெரியவில்லையாம்! நான்காவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கே வழுக்கி வந்துவிட்டோம். பாம்பு விழுங்கிய பரமபதக் காய் போல.

செய்தியை நிதானமாகப் படித்தால் விஷயம் அதிலேயே இருந்தது. தெரியவில்லை என்று அது காட்டிய பெயரின் முன்னால் கடவுச்சொல்லின் பின்பாதி ஒட்டியிருந்தது. புதிய கடவுச்சொல்லின் நடுவில் @ குறி ஒன்று. இணைப்புக்கான நீண்ட வரியில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எங்கே முடிகின்றன, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவதே @ குறிதான். முதல் @ வந்ததும் கடவுச்சொல் முடிந்தது என்று செயலி நினைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட வரியில் @ குறியை %40 என்று எழுத வேண்டும். சாய்கோடு, அரைப்புள்ளி போல் தோன்றும் முக்காற்புள்ளி, # போன்ற குறிகளுக்கும் இப்படித் தனி எழுத்துமுறை உண்டு. சுலபமான வழி, எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்த நீளமான கடவுச்சொல்லை வைப்பது.

%40 போட்டதும் திரை நிறைந்தது. ஆர்டர்கள் வரிசையாக வந்து நின்றன. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நெய் உருண்டை முதல்ல" என்றார். நான் வந்து சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பெட்டிகள் கிளம்பிய பிறகு கடவுச்சொல்லை இன்னொரு முறை மாற்றச் சொன்னேன். குடும்பக் குழுவில் முப்பத்தைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்களுடைய கைப்பேசிகள் யார் யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது.

ஒரு நாளைக்குத் திறந்தால் என்ன?

மாலையில் தேநீரும் உடைந்த முறுக்குமாக உட்கார்ந்திருந்தபோது மருமகன் கேட்டான். "மாமா, உண்மையா கேக்கறேன். நம்ம முறுக்குக் கடைய யாரு தேடி வரப் போறா? ஒரு நாள் திறந்து வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நியாயமான கேள்வி. யாரும் அக்காவைத் தேடி வரமாட்டார்கள். அவர்கள் எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டே போகிறார்கள். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸீமேப்' என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியும் வேகமான இணைப்பும் இருந்தால், குறிப்பிட்ட ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். ஒரு நாள் என்பது அவர்களுக்கு மிக நீண்ட நேரம்.

2017 தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோ டிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று ஒரு சீட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். 2020 ஜூலையில் இன்னொரு கூத்து. திறந்து கிடந்த தரவுத்தளங்களை யாரோ அழித்துவிட்டு, 'மியாவ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பணம்கூடக் கேட்கவில்லை.

"நம்மளுதுல கடவுச்சொல் இருக்கே" என்றான். இருக்கிறது. அதையும் காலையில் முப்பத்தைந்து பேருக்கு அனுப்பியிருந்தான். காவலரும் பூட்டும் இரண்டும் இருப்பது, ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கட்டும் என்றுதான்.

அந்தப் பட்டியலில் இருப்பது முறுக்குக் கணக்கு மட்டுமல்ல. நானூறு குடும்பங்களின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண். 'அக்கா, நாங்க பத்தாம் தேதியிலேர்ந்து ஊர்ல இல்ல, பக்கத்து வீட்ல குடுத்துடுங்க' என்ற குறிப்புகளும் உண்டு. எந்த வீடு எந்த நாள் பூட்டிக் கிடக்கும் என்ற பட்டியல் அது! அக்காவை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். வணிகத்தில் கையாளப்படும் இத்தகைய விவரங்களுக்கு நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லிருந்து இருக்கிறது. அதன் 2024 திருத்தத்தால், தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடப்புக்கு வந்துள்ளது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முறுக்கு வாங்கியவர் முகத்தில் அக்கா எப்படி விழிப்பார்?

மருமகன் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வாடிக்கையாளர் அதிகமாம்!

மறுநாள் ஞாயிறு இரவு மீண்டும் அழைப்பு. இம்முறை அக்காவே செய்தியைப் படித்தார். "தம்பி, ஏதோ 'சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி'ன்னு வருது. கிளையண்ட் அதிகமா இருந்தா நல்லதுதானே? அதுக்கு ஏன் சாரி சொல்லுது?"

சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. இது போஸ்ட்கிரெஸ் சொல்லும் செய்திதான். இங்கே கிளையண்ட் என்பது முறுக்கு வாங்குபவர் அல்லர், தரவுத்தளத்தோடு திறந்திருக்கும் இணைப்பு. ஐந்தாவது கட்டம்: உள்ளே உட்கார இடமில்லை.

போஸ்ட்கிரெஸின் இயல்பான வரம்பு 100 இணைப்புகள். மைஎஸ்க்யூஎல்லுக்கு 151. மலிவான வாடகைத் திட்டங்களில் இது இன்னும் குறைவாக இருக்கலாம். அக்காவின் மடிக்கணினி ஒன்றுதானே, எப்படி நிரம்பியது? ஒவ்வோர் ஆர்டரைப் பதியும்போதும் செயலி புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, மூடாமலே விட்டுக்கொண்டிருந்தது. சாதாரண நாள்களில் தெரியவில்லை. ஞாயிறு இரவு ஆர்டர் குவிந்தபோது தெரிந்துவிட்டது. செயலியை மூடித் திறந்ததும் அன்றைய பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் மருமகன், சில இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மாற்றி எழுதினான். இதற்கு 'கனெக்‌ஷன் பூல்' என்று பெயர். வரம்பை உயர்த்தும்படி பணம் கட்டியிருந்தால், அடுத்த வாரம் அதுவும் நிரம்பியிருக்கும்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றேதான்: ஆர்டர் வரவில்லை. ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஞாயிறன்று அக்கா செய்தியை எழுத்துக்கு எழுத்துப் படித்ததால், நான் வீட்டில் இருந்தபடியே தொலைபேசியில் முடித்துவிட்டேன்.

நிலையான தீர்வு

ஒவ்வோர் இடிக்கும் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. வழிகள் மூன்று. இணையச் சேவை நிறுவனத்திடம் நிலையான முகவரி கேட்டுப் பெறலாம். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. விபிஎன் வழியாக, எங்கிருந்து இணைந்தாலும் ஒரே முகவரியிலிருந்து வருவது போல் அமைக்கலாம். மூன்றாவதுதான் முறையான வழி. வீட்டுக் கணினி தரவுத்தளத்தைத் தொடவே கூடாது. நடுவில் மேகத்திலேயே ஒரு சிறு இணையச் செயலி இருந்து, அது மட்டும் தரவுத்தளத்தோடு பேச வேண்டும். தீபாவளி முடிந்த பிறகு மருமகன் இந்த மூன்றாவது வழிக்கு மாறினான்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக வேலை செய்யும் இளையர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசி இணையத்தில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அந்த முகவரியைப் பட்டியலில் சேர்த்தால், முன்பின் தெரியாத பலரையும் சேர்த்தே வாசல் தாண்ட விடுகிறீர்கள். சில அலுவலகங்கள், ஹோட்டல்கள், காப்பிக் கடைகளின் வைஃபையில் 5432 போன்ற போர்ட்கள் வழியாக வெளியே போகவே விடமாட்டார்கள். அப்போது தடுப்பது அங்கிருக்கும் காவலர் அல்ல, இங்கிருக்கும் காவலர்.

வெட்டி வைத்துக்கொள்ள

1. எல்லாருக்கும் இணைப்பு இல்லையா, ஒருவருக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம்.

2. செய்தியை முழுமையாகப் படியுங்கள். படம் பிடித்து வையுங்கள். பிறருக்கு அனுப்பும் முன் அதில் கடவுச்சொல் தெரிகிறதா என்று பாருங்கள்.

3. சேவைப் பக்கத்தில் தரவுத்தளம் இயங்குகிறதா, கட்டணம் போயிருக்கிறதா, சேமிப்பிடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

4. பெயர், காவலர், கதவு, கடவுச்சொல், இடம். இந்த வரிசையில் சோதியுங்கள். ஒன்றைத் தாண்டாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வையுங்கள்.

6. நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். அடுப்படியில் இருப்பவரையும் சேர்த்து.

7. அவசரத்துக்கு என்று உலகத்துக்கே கதவைத் திறக்காதீர்கள்.

எட்டாவதாக ஒன்றை அக்காவே சேர்த்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, தினமும் இரவு ஒன்பது மணிக்கு மறுநாள் ஆர்டர் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்கிறார். "கரண்டு போனாலும், உங்க மேகம் போனாலும், எண்ணெய் காயறது நிக்கக் கூடாதுல்ல" என்கிறார்.

எண்ணெய் தெறிக்காதபடி அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கிறார்.